தோடரின் போர்வையும் நம் தோள்துண்டும்

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் கல்வியின் சிறப்பைப் பேசுவதே முறை. அதனை எனக்கு முன்பு பேசிய அறிஞர் பெருமக்கள் செவ்வனே செய்துவிட்டனர். ஆதலின் நான் இன்று துணியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். "தலைமையாசிரியர் ஓய்வு பெற்றபின் சவுளிக்கடை வைக்கப் போகிறார் போலும்" என்று பின் வரிசையில் யாரோ நகைப்பது காதில் விழுகிறது. நகைப்பதில் தவறில்லை, ஆனால் சற்றே செவி கொடுங்கள். நம் முன்னோர்க்கு ஏடும் எழுத்தும் மறுக்கப்பட்டிருந்தன. அவர்கள் பட்ட பாட்டை அறிய வேண்டுமானால், அவர்கள் எதை உடுத்தினார்கள், எதை உடுத்தக்கூடாது என்று தடுக்கப்பட்டார்கள் என்பதைத்தான் நாம் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் உங்களை நீலகிரிக்கு அழைத்துச் செல்கிறேன். உதகமண்டலத்தைச் சுற்றியுள்ள மேட்டுப் புல்வெளிகளில் தோடர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி அவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். நம் பள்ளிகள் மூன்றில் படிக்கும் பிள்ளைகளைச் சேர்த்தால் அவ்வளவு பேர் தேறுவர். ஓர் இனம் முழுவதும் அவ்வளவுதான். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகுத்துள்ள ஆறு குடிகளுள் தோடரும் ஒரு குடியினர். கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் ஏனை ஐவர். தோடரின் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். எருமையே அவர்களுடைய செல்வம். எருமைப் பாலைக் கடைந்து வைக்கும் பால்மாடமே அவர்களுடைய கோயில்.

அவர்கள் போர்த்துக் கொள்ளும் போர்வையின் பெயர் பூத்துக்குளி. தடித்த வெள்ளைப் பருத்தித் துணி. இரண்டு மடிப்பாகத் தைக்கப்பட்டது. ஓரங்களில் சிவப்பும் கருப்புமாகப் பட்டைகள் ஓடும். ஆணும் பெண்ணும் அதையே உடலைச் சுற்றிப் போர்த்து, முனையை இடத்தோளின் மேல் எறிந்து கொள்வர். அப்பட்டைகளை ஒட்டிச் சிவப்பு நூலாலும் கருப்பு நூலாலும் பூவேலை செய்யப்பட்டிருக்கும். அதைச் செய்வோர் பெண்களே. சட்டம் கிடையாது, துணியின் மேல் கோடு வரைந்து கொள்வதும் கிடையாது. துணியில் நெடுக்கே ஓடும் இழையையும் குறுக்கே ஓடும் இழையையும் விரலால் எண்ணி எண்ணி ஊசியைச் செலுத்துவர். இத்தனை இழை விட்டு, இத்தனை இழை எடுத்து, மீண்டும் இத்தனை விட்டு என்று மனக்கணக்கிலேயே வேலை நடக்கும். ஓர் இழை பிசகினாலும் வரிசை முழுவதும் கோணிவிடும். வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் ஒரு போர்வைக்கு உழைக்க வேண்டும். வேலை முடிந்தபின் பார்த்தால் அது தைத்த பூவா, தறியிலேயே நெய்த பூவா என்று சொல்வது அரிது. ஏட்டுக் கல்வி பெறாத ஒரு மூதாட்டி ஊசிமுனையில் செய்து காட்டும் இந்தக் கணக்கை, கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவன் செய்வானா என்பது எனக்கு ஐயமே.

தோடர் ஒருவர் இறந்தால் பூவேலை செய்த பூத்துக்குளியால் உடலைப் போர்த்தியே இறுதிச் சடங்கு செய்கின்றனர். வாழுங்கால் தோளில் கிடந்தது, போகும்போதும் உடன் போகிறது. அதனால்தான் அது வெறும் குளிர்காப்புத் துணி அன்று என்கிறேன்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். அந்த வெள்ளைத் துணியைத் தோடர் நெய்வதில்லை. தோடரிடம் தறி இல்லை. துணி சமவெளியிலிருந்து வருகிறது; யாரோ ஒரு நெசவாளர் நெய்தது. நூல் கடையில் வாங்கியது. ஊசியும் சந்தையில் வாங்கியதே. ஆயினும், பூத்துக்குளி யாருடையது என்று கேட்டால் உலகமே தோடருடையது என்று சொல்லும். பொருள் எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு ஒன்று நமக்கு உரியதாவதில்லை. அதன்மேல் நம் கை செலுத்திய உழைப்பாலும், அதை நாமே விரும்பி மேற்கொண்டதாலும் உரியதாகிறது. "கால்சட்டை வெள்ளைக்காரன் கொடுத்தது, நமக்கு எதற்கு?" என்று நம் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லும் மேதாவிகளுக்கு இது போதிய விடையாகும்.

தோடர் வளமாக வாழ்கின்றனர் என்று எண்ணிவிட வேண்டா. 1819இல் கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறினார். அவர் தோடரிடமிருந்து ஏக்கர் ஒன்று ஒரு ரூபாய் என்ற விலைக்கு நிலம் வாங்கினார் என்பது வரலாறு. பின்னர் வந்தவர்கள் அந்த ஒரு ரூபாயையும் கொடுத்தார்களோ இல்லையோ! புல்வெளிகள் தேயிலைத் தோட்டங்களாயின; சீகை மரமும் தைல மரமும் எங்கும் நடப்பட்டன. புல் குறைந்தது, எருமை குறைந்தது, கூரை வேயும் புல்லுக்கே தட்டுப்பாடு வந்தது. எஞ்சியது ஊசியும் நூலும். இன்று பல தோடர் வீடுகளில் பெண்களின் பூவேலை வருவாயாகவும் உதவுகிறது. 2013இல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி. ஆனால் அக்குறியீடு செய்வது என்ன, செய்யாதது என்ன என்பதைத் தெரிந்து கொள்ளுங்கள். தோடர் பூவேலை என்ற பெயரைப் பிறர் பொய்யாகப் பயன்படுத்துவதை அது தடுக்கும். இழை எண்ணித் தைத்த பெண்ணுக்கு நாட்கூலி இவ்வளவு கிடைக்க வேண்டும் என்று அது சொல்லாது. இயந்திரத்தில் தைத்த சால்வையை மலிவாகக் கேட்கும் வாடிக்கையாளரின் மனத்தையும் அது மாற்றாது. பெருமை பத்திரத்தில் இருக்கிறது. கூலி பேரத்தில் இருக்கிறது.

இனி நம் தோளுக்கு வருகிறேன்.

தோடரை ஆராய்ந்து 1906இல் பெருநூல் வெளியிட்ட ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு வழக்கத்தைக் குறித்துள்ளார். புனிதமான இடத்தை நோக்கி நிற்கும்போது தோடர் தம் வலக்கையைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்துத் தோளைத் திறந்து வணங்குவராம். அதைப் படித்தபோது என் மனம் வேறொரு தோளை நினைத்தது. நம் பாட்டன்மார் தெருவில் நடந்து வருகின்றனர். எதிரே நிலக்கிழார் வருகிறார். உடனே தோளில் கிடந்த துண்டு இறங்கிக் கக்கத்துக்கோ இடுப்புக்கோ போகிறது. இரண்டு காட்சியிலும் துணி தோளைவிட்டு இறங்குகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்று, தான் நம்பும் தெய்வத்தின் முன் ஒருவன் தானே செய்வது. மற்றொன்று, செய்யாவிட்டால் அடி விழும் என்பதற்காகச் செய்வது. ஆடையைப் பற்றி நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கும்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்க்கு எட்டுக் கட்டளைகள் விதித்தனர். ஹட்டன் என்பவர் இந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய நூலில் அவை பதிவாகியுள்ளன. ஆடவர் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக்கூடாது, சட்டை போடக்கூடாது, பெண்கள் இரவிக்கை அணியக்கூடாது, பொன்னும் வெள்ளியும் பூணக்கூடாது, குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931இல் கட்டளைகள் எட்டிலிருந்து பதினொன்றாயின. அவற்றுள் ஒன்றை இக்கல்விச் சங்கம் மறக்கவே கூடாது: ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடுகளை மேய்க்க மட்டுமே வேண்டும். பார்த்தீர்களா! சட்டையையும் பள்ளிக்கூடத்தையும் அவர்கள் ஒரே பட்டியலில் வைத்தார்கள். நாம்தான் அவ்விரண்டையும் வெவ்வேறு என்று எண்ணிக் கொண்டிருக்கிறோம்.

தெற்கே திருவிதாங்கூரில் சாணார் எனப்பட்ட நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடியதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கலகமும் தீவைப்பும் நிகழ்ந்தபின், சென்னை ஆளுநர் டிரெவிலியன் வற்புறுத்தியதால், 1859 ஜூலையில் மன்னர் ஓர் அறிக்கை விடுத்தார். அதைப் பலரும் வெற்றி என்று சொல்லி நிறுத்திவிடுகின்றனர். அறிக்கையின் வாசகத்தைக் கேளுங்கள். குப்பாயம் அணியலாம், முரட்டுத் துணியை மீனவப் பெண்கள் கட்டுவதுபோல் கட்டலாம், எவ்வாறு வேண்டுமானாலும் மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் மட்டும் உடுத்தக்கூடாது. அரசாங்கத்தின் கவலை மானத்தைப் பற்றியதன்று. பார்த்தவுடனே யார் எந்தச் சாதி என்று தெரிய வேண்டும், அவ்வளவே.

அதே மண்ணில் புலையர் குலப் பெண்கள் கழுத்தில் கல்மாலை அணிந்திருந்தனர். மலைநாட்டு ஆராய்ச்சிக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்திருந்தால், 'பாரம்பரிய அணிகலன்' என்று குறிப்பேட்டில் எழுதிப் படமும் எடுத்திருப்பார். அது அடிமைக்குறியாக அவர்கள் கழுத்தில் ஏறியது என்பது அணிந்தவர்களுக்கே தெரியும். 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் அம்மாலைகளைக் களையும் போராட்டம் எழுந்தது, இரத்தம் சிந்தியது. பின்னர் கொல்லத்தில் மாவீரர் அய்யன்காளி முன்னிலையில் கூடிய கூட்டத்தில் பெண்கள் அம்மாலைகளை அறுத்தெறிந்தனர். மரபு அழிகிறதே என்று அன்றைக்கு யாராவது கண்ணீர் வடித்திருந்தால், அந்தக் கண்ணீர் எந்தத் தெருவிலிருந்து வந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1927 டிசம்பரில் மகாதில் அண்ணல் அம்பேத்கர் பெண்களைத் தனியே அழைத்துப் பேசியதும் இதனையே. முழங்கால் தெரியக் கட்டும் சேலையும், கழுத்திலும் கையிலும் சுமக்கும் பித்தளை, வெள்ளியணிகளும் உங்களைத் தீண்டப்படாதவர் என்று காட்டிக் கொடுக்கின்றன, அவற்றை விடுங்கள், தூய்மையாக, மற்றப் பெண்களைப்போலச் சேலை உடுத்துங்கள் என்றார். அப்பெண்கள் உடனே சேலைக்கட்டை மாற்றிக் கொண்டனர் என்று அவர் வரலாற்றில் படிக்கிறோம். அண்ணலின் கோட்டும் கழுத்துப் பட்டையும் ஆடம்பரம் என்று இன்றும் சிலர் பேசுகின்றனர். அரையாடை உடுத்தச் சிலர்க்கு உரிமை இருந்தது. நமக்கு அது கட்டளையாக இருந்தது. கட்டளையை மீறியவரின் உடையே கோட்டு.

அப்படியானால் பழைய ஆடையெல்லாம் அடிமைக்குறி, அனைத்தையும் எரித்துவிடுங்கள் என்கிறேனா? இல்லை. ஒடிசாவின் நியமகிரி மலையில் டோங்ரியா கோந்து என்னும் பழங்குடியினர் இருக்கின்றனர். வெண்மை படர்ந்த முரட்டுத் துணியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் நூல்களால் மலைகளை முக்கோணங்களாகத் தைத்துப் போர்த்துக் கொள்வர். மணமாகாத பெண் தான் தைத்த சால்வையைத் தன் உடன்பிறந்தானுக்கோ தான் விரும்பியவனுக்கோ அளிப்பாள். அதன் பெயர் கப்டகந்தா. 2024இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மலையின் பாக்சைட்டைத் தோண்ட ஒரு பெருநிறுவனம் முனைந்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகளும் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. போர்வையில் மலையைத் தைத்தவர்கள் மலையைக் கொடுக்கவில்லை. இன்னொன்று: அவர்கள் தைப்பதற்கு வாங்கும் அந்த வெள்ளைத் துணி, டோம் எனப்படும் மக்களிடமிருந்து வருவது. டோம் மக்கள் யார்? பட்டியல் சாதியினர், நம்மவர். நம் நாட்டிலும் பறையருள் கோலியர் என்னும் பிரிவினர் முரட்டு வெள்ளைத் துணி நெய்வோராக இருந்ததை 1909இல் தர்ஸ்டன் குறித்து வைத்துள்ளார். நெய்தவர் பெயர் மறைந்தது. பூ மட்டும் கண்காட்சிக்கு வந்தது. நூல்நிலையத்திற்குப் போகும் தம்பியர் யாரேனும் கோலியர் நெசவைப் பற்றி எழுதினால் நான் மகிழ்வேன்.

இந்த நியமகிரி மக்களைப் பற்றி இன்னொரு வேடிக்கை உண்டு. அவர்களுக்கு ஆதரவு திரட்டிய வெளிநாட்டு அன்பர்கள் 2010இல் அவர்களை 'அவதார்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில் வரும் நீலநிறக் கற்பனை மாந்தருக்கு ஒப்பிட்டனர். நல்லெண்ணம்தான். ஆயினும் இரத்தமும் தசையுமான மனிதர்கள் படும் துன்பம் உலகுக்குப் புரிய, வால் முளைத்த கற்பனை மாந்தரின் துணை தேவைப்பட்டதே! அவ்வளவு தூரம் போவானேன்? நம் பள்ளிகளில் மாறுவேடப் போட்டி நடக்கும்போது பாருங்கள். ஒரு குழந்தையின் முகத்தில் கரியைப் பூசி, இடுப்பில் மாவிலையைக் கட்டி, கையில் கம்பைக் கொடுத்து, 'ஆதிவாசி' என்று மேடையில் ஏற்றுகின்றனர். கூட்டம் கைதட்டுகிறது. தோடர் வீட்டுக் குழந்தை ஒன்று அந்தக் கூட்டத்தில் இருந்தால் என்ன நினைக்கும்? இழை எண்ணித் தைத்த போர்வை எங்கே, இந்த மாவிலை எங்கே? நம் சங்க விழாக்களில் இந்த வேடம் இனி வேண்டா என்று தலைவரை வேண்டுகிறேன். பிறர் போட்ட வேடத்தின் வலியை நாம் அறிவோம்.

இனி, இளைஞர்களுக்குச் சற்றுக் கசப்பான ஒன்று. உங்களில் சிலர் கையில் வண்ணக் கயிறு பார்க்கிறேன். எதிர்த்தெருப் பிள்ளைகள் ஒரு வண்ணம் கட்டுகிறார்கள், ஆகவே நாங்களும் எங்கள் வண்ணம் கட்டுகிறோம் என்பது உங்கள் விடை. 2023இல் நாங்குநேரியில் நம் சமூகத்து மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டனர், வெட்டியவர்களும் மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிநாயகம் சந்துரு அவர்களின் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தோடப் பெண் கையில் இருப்பதும் நூல். உங்கள் மணிக்கட்டில் இருப்பதும் நூல். அவள் நூலுக்குள் மாதக்கணக்கான உழைப்பு இருக்கிறது. உங்கள் கயிற்றில் என்ன இருக்கிறது? பத்து ரூபாயும் எதிரியின் முகமும்தான் இருக்கின்றன. பார்த்தவுடனே யார் எந்தச் சாதி என்று தெரிய வேண்டும் என்று 1859இல் மன்னர் விரும்பினாரே, அதை நீங்கள் இலவசமாக நிறைவேற்றிக் கொடுக்கிறீர்கள். இதைச் சொன்னால் உங்களுக்குச் சினம் வரும். வரட்டும். எதிர்த்தெருப் பிள்ளைகளுக்கும் என் பள்ளியில் இதையே சொல்லி வருகிறேன். அவர்களுக்கும் சினம் வருகிறது. கயிற்றை அறுப்பது ஆசிரியர் வேலை அன்று, கட்டியவர் வேலை. காமராசர் ஆட்சிக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை வந்தது. முழங்காலுக்குக் கீழே துணி கூடாது என்ற ஊரில் எல்லாப் பிள்ளையும் ஒரே சட்டையில் ஒரே வரிசையில் நின்றது எவ்வளவு பெரிய செய்தி என்பதை உங்கள் பாட்டிமாரைக் கேளுங்கள். அந்தச் சட்டைக் கைக்குக் கீழே கயிற்றை ஒளித்துக்கொண்டு வருவது அழகா?

நேரம் ஆகிவிட்டதைச் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தெரிவிக்கிறார். ஒரே ஒரு வேண்டுகோளுடன் அமர்கிறேன். இன்று இம்மேடையில் எழுவர்க்குப் பொன்னாடை போர்த்தினீர்கள், எனக்கும் போர்த்தினீர்கள், நன்றி. ஒரு காலத்தில் துண்டு இறங்கிய தோளில் சரிகைத் துணி ஏறுவது கண்டு மகிழ்கிறேன். ஆனால் அது ஆலையில் செய்த பளபளப்புத் துணி. நாளை மடித்து அலமாரியில் வைப்போம், அடுத்த கூட்டத்தில் வேறொருவர்க்குப் போர்த்துவோம். அடுத்த ஆண்டு விழாவில் அதற்குப் பதிலாகத் தோடப் பெண்கள் விற்பனைக்கென்று பூவேலை செய்யும் சால்வை ஒன்றை வாங்குங்கள். பூத்துக்குளியைக் கேட்க வேண்டா, அது அவர்களுடையது. பூம்புகார் விற்பனை நிலையத்திலோ, உதகைக்குப் போகும் அன்பர் யாரேனும் இருந்தால் அவர்களிடம் நேராகவோ வாங்கலாம். பேரம் பேசாதீர்கள். பொருளாளர் முகம் சற்று வாடுவதைக் காண்கிறேன். விலை மிகுதிதான். எனவே ஏழு வாங்க வேண்டா, ஒன்று போதும். அதை மேடையில் உள்ள எங்களில் யாருக்கும் போர்த்தாமல், சங்கத்தின் உதவியால் படித்து அவ்வாண்டு பட்டம் பெறும் தங்கை ஒருத்திக்குப் போர்த்துங்கள். கடிதம் எழுத வேண்டியிருந்தால் நான் எழுதித் தருகிறேன்.